பூனைக்கு ஆற்றல் தந்தது யார்?

பூனைக்குப் பேராற்றல் உண்டு என்று நம் நாட்டில் முதன்முதல் சொன்னவர் எந்த நாவலாசிரியரும் அல்லர். ஏட்டில் எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே நம்மவர் அதை நம்பத் தொடங்கிவிட்டனர், இன்னும் நம்புகின்றனர். போடிநாயக்கனூரின் விடியற்காலை அதற்குச் சான்று. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு மலையேறப் புறப்படுகின்றன. 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். சில ஓட்டுநர்களுக்கு வளைவு அச்சமூட்டுவதில்லை. தேய்ந்த சக்கரம் அச்சமூட்டுவதில்லை. ஐவர் அமரும் இடத்தில் பத்துப் பேர் அமர்ந்திருப்பதும் அச்சமூட்டுவதில்லை. தெருமுனையில் ஒரு பூனை குறுக்கே ஓடிவிட்டால் மட்டும் கால் தானாகவே பிரேக்கை மிதிக்கிறது!

பிறகு என்ன? வேறொரு வண்டி முந்திச் செல்லும் வரை காத்திருக்கிறார். பூனை விட்டுச்சென்ற கேட்டை அந்த வண்டிக்காரர் அள்ளிக்கொண்டு போகட்டும் என்பது கணக்கு. அந்த வண்டியிலும் பத்துப் பெண்கள் இருக்கின்றனரே, அவர்கள் தலையில் அந்தக் கேடு விடியலாமா என்று எவரும் கேட்பதில்லை. சகுனம் என்பது அறியாமை மட்டுமன்று, தோழர்களே. அடுத்தவன் மேல் இறக்கி வைக்கும் அறம் கெட்ட செயலுமாகும்.

அதே ஊரில், அதே காலை வேளையில், ஏலக்காய்க் கிடங்கின் கதவு திறக்கிறது. மூட்டைகளுக்கு நடுவே ஒரு பூனை சோம்பல் முறிக்கிறது. அதற்குப் பால் உண்டு, மீன் தலை உண்டு, மூட்டை மேல் படுத்துறங்க உரிமை உண்டு; எலி பிடிப்பதால் அதற்கு இத்தனை சிறப்பு. கிடங்கின் உள்ளே அது காவலன்; வாசற்படி தாண்டித் தெருவைக் கடந்தால் அதுவே காலன்! உள்ளே இருக்கும்போது அதன் பல்லில் இருக்கும் ஆற்றல், வெளியே வந்ததும் அதன் நடையில் எப்படிப் புகுந்தது? வணிகர் பெருமக்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

ஊருக்கொரு விடை இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பழைய எகிப்தியர் பூனையைத் தெய்வமாக்கினர். வீட்டுப் பூனை செத்தால் வீட்டார் புருவத்தை மழித்துக்கொண்டனர் என்று எரொடோட்டசு எழுதி வைத்திருக்கிறார். பாசுடெட் என்னும் பூனைத் தெய்வத்துக்குக் காணிக்கையாகப் பூனைகளைப் பதனிட்டுத் துணி சுற்றிப் புதைத்தனர். அந்தப் புனிதம் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? 1890 இல் ஏறத்தாழ 1,80,000 பூனைகளின் பதனிட்ட உடல்கள், சுமார் 19 டன் எடை, கப்பலேறி இங்கிலாந்தின் லிவர்ப்பூல் துறைமுகத்துக்கு வந்தன, ஏலத்தில் விடப்பட்டன, உரமாயின. காணிக்கையாக மண்ணுக்குள் போனது கழனிக்கு எருவாக வெளியே வந்தது! ஐரோப்பாவிலோ, 1233 இல் போப் ஒன்பதாம் கிரெகரி எழுதிய மடலில் கரும்பூனை சமய விரோதிகளின் சடங்கில் இடம்பெற்றது. சப்பானியர் கடைவாசலில் கையுயர்த்தி அழைக்கும் பூனைப் பொம்மையை வைத்து வாணிகம் பெருகும் என்று மகிழ்கின்றனர். பூனை ஒன்றுதான். ஓரிடத்தில் தெய்வம், ஓரிடத்தில் பேய், ஓரிடத்தில் கல்லாப்பெட்டிக்குத் துணை, நம்மிடத்தில் கெட்ட சகுனம்.

உண்மையில் பூனைக்கு ஆற்றல் இல்லாமலும் இல்லை. மனிதன் காண்பதற்கு வேண்டிய ஒளியில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் அதற்குப் போதும்; விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. இருளில் அதன் கண் பளபளப்பதும் அதனால்தான். வினாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் நம் காது கேளாது. பூனைக்கோ 60,000-க்கும் மேலே கேட்கும். தலைகீழாக விழுந்தாலும் காற்றிலேயே உடலை முறுக்கிக் காலூன்றுகிறதே, அது எப்படி என்று அறிய மாரே என்னும் பிரெஞ்சு உடலியல் அறிஞர் 1894 இல் தொடர்ச்சியாகப் படமெடுத்துக் காட்டினார். மந்திரம் போலத் தோன்றியதைப் படச்சுருளில் வைத்துப் பார்க்க முடிந்தது. இத்தனையும் மெய். இதில் ஒன்றையாவது, பூனையைக் கண்டு திரும்பிப் போகும் பெரியவர் அறிவாரா?

இவ்வளவையும் சொன்னது ஒரு வழக்கைத் தொடங்குவதற்காக. பேராற்றல் பெற்ற பூனைகளின் வீரச் செயல்களைச் சிறுவர்க்குச் சொல்லும் நாவல்கள் ஆங்கிலத்தில் மலைபோல் குவிந்திருக்கின்றன; நம் மாணவரும் அவற்றைத் தேடிப் படிக்கின்றனர். பகுத்தறிவு பேசும் நாம் அவற்றை அவர்கள் கையில் கொடுக்கலாமா, கூடாதா?

கூடாது என்று அடித்துப் பேசும் தோழர்கள் நம்மிடையே உண்டு. "பூனை சகுனத்தை ஒழிக்க நாம் பாடுபடுகிறோம், அதே பூனை மனத்தோடு மனம் பேசும், வருவது உரைக்கும் என்று கதை எழுதினால், ஒரு கையால் இடித்ததை மறு கையால் கட்டுவது ஆகாதா? குழந்தைக்கு அறிவியல் நூலைக் கொடுங்கள், போதும்" என்கின்றனர். அவர்களின் கவலை நேர்மையானது. ஆனால் அவர்கள் குழந்தையைக் கவனித்துப் பார்க்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

தெருவில் சிறுமியர் கூட்டாஞ்சோறு ஆக்குகின்றனர். மண்தான் அரிசி, இலைதான் கறி, கொட்டாங்கச்சிதான் பானை. பரிமாறுகின்றனர், உண்பதுபோல் கை அசைக்கின்றனர், ஏப்பம் விடுகின்றனர். ஒரு சிறுமியேனும் அந்த மண்ணை விழுங்குவதுண்டா? அம்மா கூப்பிட்டால் எழுந்தோடி உண்மைச் சோற்றைத் தின்கிறாள். அவளுக்குப் பாவனை எது, பசி எது என்று தெரியும். அவள் வீட்டுப் பெரியவரோ, அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைத்து, அது பாட்டன் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது என்று நிறைவோடு திரும்புகிறார். யாருக்கு அறிவு புகட்ட வேண்டும்?

1972 இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யைத் தமிழில் கொண்டுவந்தபோது தமிழ்நாட்டுச் சிறுவர் மயங்கிப் படித்தனர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும்! நம்பத்தக்கதா? இல்லை. ஆனால் மாயாவிக்கு எவர் கோயில் கட்டினார்? எவர் உண்டியல் வைத்தார்? அவன் பெயரால் நாள் பார்த்தவர் உண்டா, பெண் கேட்டு மறுத்தவர் உண்டா? படித்து முடித்ததும் நூலை மூடி வைத்தனர். மாயாவி உள்ளேயே இருந்தான். மூடநம்பிக்கையோ மூடி வைக்க முடியாத புத்தகம். கதை நம்மிடம் ஒரு மணி நேர இசைவைக் கேட்கிறது. சகுனம் வாழ்நாள் பணிவைக் கேட்கிறது. ஆகவே மாயம் இருப்பதனாலேயே ஒரு கதையைத் தள்ளிவைக்கும் கருத்து நமக்கு உடன்பாடன்று.

அதனால் எல்லாக் கதையும் நன்று என்று சொல்லிவிட முடியுமா? இங்குதான் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கதையில் வரும் மாயத்தைக் குழந்தை நம்புவதில்லை. கதை எதைப் பேசாமலே உண்மை என்று வைத்துக்கொள்கிறதோ, அதை நம்பிவிடுகிறது. பூனை பறக்கிறது என்றால் சிரிக்கிறது. பறக்கும் ஆற்றல் இன்ன வீட்டுப் பூனைக்குத்தான் வரும் என்றால், சிரிக்க மறந்து தலையாட்டிவிடுகிறது.

உலகெங்கும் பெரிதும் படிக்கப்படும் பூனை நாவல்களையே எடுத்துக்கொள்வோம். எரின் ஹன்டர் என்ற ஒரே பெயரில் பல எழுத்தாளர் சேர்ந்து எழுதும் 'வாரியர்ஸ்' வரிசை 2003 இல் தொடங்கியது. காட்டில் நான்கு பூனைக் குலங்கள். ஒவ்வொன்றுக்கும் தலைவன், மருத்துவப் பூனை, எல்லை, சட்டம். ஒரு குலத்துப் பூனை மறு குலத்துப் பூனையோடு இணையக் கூடாது! இறந்த மூதாதையர் விண்மீன்களாக இருந்து கனவில் குறி சொல்கின்றனர். மருத்துவப் பூனை அதற்குப் பொருள் கூறுகிறது. தலைவனுக்கு ஒன்பது உயிர்களை அந்த மூதாதையரே வழங்குகின்றனர். படிக்கும்போது எங்கோ இங்கிலாந்துக் காடாகத் தெரியவில்லை. நம்மூர் ஊர்க்கூட்டமாகவே தெரிகிறது.

அந்தக் காட்டுக்குள் ரஸ்டி என்னும் வீட்டுப் பூனை நுழைகிறது. வீட்டில் பிறந்தவன், மனிதன் போட்ட சோற்றில் வளர்ந்தவன் என்று பிறவியைச் சொல்லி இகழ்கின்றனர். பெயர் மாறினாலும் இழிவு போகவில்லை. அது கற்கிறது, போராடுகிறது, அஞ்சாமல் கேள்வி கேட்கிறது. முதல் ஆறு நூல்கள் முடிவதற்குள் ஃபயர்ஸ்டார் என்ற பெயரோடு குலத்தின் தலைவனாகவே உயர்கிறது. அருமை! குறி சொன்னபடி நடந்தது என்ற பூச்சு மட்டும் இல்லாதிருந்தால், நாம் படிப்பகம் தோறும் வாங்கி வைக்கச் சொல்லியிருப்போம்.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லையே! 2007 இல் தொடங்கிய அடுத்த தொடரிலும் அதற்குப் பின்வந்த தொடரிலும் மெய்யான பேராற்றல்கள் வருகின்றன. கண் தெரியாத ஒரு பூனை பிறர் கனவிலும் மனத்திலும் புகுகிறது. இன்னொன்று எத்தனை பகைவர் சூழ்ந்தாலும் காயமின்றி மீள்கிறது. மூன்றாவது, நெடுந்தொலைவில் நடப்பதை இருந்த இடத்திலிருந்தே உணர்கிறது. இவை யார்? முதல் இரண்டும் ஃபயர்ஸ்டாரின் பேரப்பிள்ளைகள். மூன்றாவது அவன் உடன்பிறந்தாளின் வழிவந்தது. அவன் உறவில் மூவர் தோன்றுவர் என்று முன்பே குறி சொல்லப்பட்டிருந்ததாம்! பிறப்பால் தாழ்ந்தவன் என்று தூற்றப்பட்டவன் தன் உழைப்பால் வென்றான். வென்ற பிறகு அவன் குருதியே உயர்ந்த குருதியாகிவிட்டது. பழைய வேலியைப் பிடுங்கிய கை, அதே முட்களைக் கொண்டு புதிய வேலி கட்டிக்கொண்டது. நாட்டு வரலாற்றில் இதைக் கண்டதில்லையா நாம்?

இக்கதையை நாம் வகுப்பில் சுருக்கிச் சொன்னபோது, பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்தான். "சார், ஆற்றல் தாத்தா வழியா வருதுன்னா, மத்தப் பூனைக்கெல்லாம் எதுக்கு சார் பயிற்சி?" என்றான். நூலாசிரியர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ள மறந்த கேள்வி! மாயத்தைப் பற்றி அவன் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

நம் நாட்டிலேயே இத்தகைய நாவல் ஒன்று இருக்கிறது. நிலாஞ்சனா ராய் ஆங்கிலத்தில் எழுதிய 'தி வைல்டிங்ஸ்' 2012 இல் வெளிவந்து, 2013 இல் முதல் நூலுக்கான சக்தி பட் பரிசைப் பெற்றது. தில்லியின் நிசாமுதீன் பகுதித் தெருப்பூனைகளின் கதை அது. அவை மீசை மயிர்களின் வழியே, மணத்தின் வழியே, தொலைவிலிருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு நாள் எங்கிருந்தோ வரும் ஒரு குரல் எல்லாப் பூனைகளின் தலைக்குள்ளும் இடிபோல் முழங்குகிறது. மனிதர் வீட்டில் வளரும் மாரா என்னும் சின்னஞ்சிறு குட்டியின் குரல்! தன் ஆற்றலின் அளவு அதற்கே தெரியாது. அயலான், ஆபத்தானவன், கொன்றுவிடு என்று தெருக்கூட்டம் முடிவு செய்து பெரால் என்னும் வேட்டைப்பூனையை அனுப்புகிறது. கொல்லப் போன பெரால் குட்டியைக் கண்டு மனம் மாறி, அதற்கு ஆசிரியை ஆகிவிடுகிறது. ஆசிரியத் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, இந்த இடம் நமக்கு மிகவும் பிடித்தது.

மாராவுக்கும் ஆற்றல் பிறவியில் வந்ததுதானே, இதிலென்ன வேறுபாடு என்று தோழர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவர்க்குக் குரல் இனிது, ஒருவர்க்குக் கணக்கு எளிது. பிறவியில் திறன் வேறுபடலாம் என்பதை நாம் மறுத்ததில்லை. திறன் குலம் பார்த்துக் குடியேறுகிறது என்பதையும், திறன் உடையவன் பிறர் தலைமேல் ஏறலாம் என்பதையுமே மறுக்கிறோம். மாரா தாயை இழந்த குட்டி. அதன் பாட்டன் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆற்றல் இருந்தும் வெளி உலகம் என்றால் நடுங்குகிறது. அடக்கிப் பேசவும், கேட்கவும், காலம் அறிந்து பயன்படுத்தவும் கற்றுக்கொள்ளும் வரை அந்த ஆற்றல் அண்டை அயலாருக்குத் தலைவலியாகவே இருக்கிறது. தலைவலி! எவ்வளவு சரியான சொல்!

அந்நூலின் தீயவர்களையும் பார்க்க வேண்டும். அடைத்துக் கிடக்கும் ஒரு வீட்டில், முதியவர் ஒருவரின் ஆதரவில், வெளிச்சமும் வெளியும் காணாமல் ஒரு பூனைக்கூட்டம் வாழ்கிறது. தெருப்பூனைகள் பசிக்குக் கொல்லும். அதற்கு மேல் கொல்லா. முதியவர் இறந்த பின் வெளியே வரும் இந்த வீட்டுப்பூனைகளோ, தத்தூரா என்னும் தலைவனின் கீழ் இன்பத்துக்காகவே கொல்கின்றன. அவை கெட்ட வித்தில் முளைத்தவை அல்ல. அடைபட்ட வீடு அவற்றை அப்படி ஆக்கியது என்று படிக்க அங்கே இடம் இருக்கிறது. கொடியவனைப் பிறப்பிலேயே கொடியவனாக, கோரைப்பல்லோடு படைத்துவிடும் புராணங்களைக் கேட்டு வளர்ந்த நாட்டில், இது சிறிய செய்தி அன்று.

போடியில் இருந்துகொண்டு தில்லிப் பூனைக்கும் இங்கிலாந்துப் பூனைக்கும் இத்தனை வரிகளா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுமியை எண்ணிப் பாருங்கள். அவள் தாய் விடியுமுன் ஜீப்பேறி எல்லை கடந்து இடுக்கித் தோட்டத்துக்குப் போகிறாள். இல்லையேல் ஊரிலேயே கிடங்கில் காய் பொறுக்குகிறாள். ஏலக்காயைச் சல்லடை அளவு வாரியாகப் பிரித்துவிடும்: 8 மில்லி மீட்டர், 7 மில்லி மீட்டர். வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் பூச்சி தொட்ட காயையும் பிரிப்பவை அவள் விரல்கள். மலைபோல் குவிந்ததில் பழுதானது கண்ணில் படுமுன் கையில் படுகிறது. பேராற்றல் என்று இதை எவரும் அழைப்பதில்லை; நாவல் எழுதுவதில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் திரையில் விலை ஏறும். விரலின் பெயர் ஏறாது. அந்தத் தாயின் மகள், ஆற்றல் என்பது மூதாதையர் விண்மீனிலிருந்து சிலர்க்கு மட்டும் இறங்குவது என்று கதை தோறும் படித்தால், வீட்டில் இருக்கும் ஆற்றலை எப்போது காண்பாள்? மாயம் நிறைந்த கதையாலும் அவள் கண் திறக்கலாம். மாயமே இல்லாத 'உண்மை'க் கதையாலும் அது மூடிப்போகலாம். நாம் அஞ்ச வேண்டிய இடம் இதுதான். பூனை பறப்பது அன்று.

ஆகவே தடை வேண்டாம். வாங்கிக் கொடுங்கள், ஆங்கிலம் எட்டாத சிறுவருக்கு வாய்மொழியாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து போகாமல், கூட இருந்து கேள்வி கேட்க விடுங்கள். குறி சொல்லும் பூனைக்கு அந்த வேலையால் யாருடைய மரியாதை கிடைக்கிறது? குலம் விட்டுக் குலம் இணையக் கூடாது என்று சட்டம் செய்தவர் யார், அந்தச் சட்டத்தால் யாருக்கு நன்மை? இப்படிக் கேட்கப் பழகிய பிள்ளை, தெருமுனையில் ஜீப் நிற்கும்போது அங்கும் கேட்காமல் இருக்குமா?

இன்னொன்றும் செய்யலாம். நம் மலைச்சரிவில் நடக்கும் பூனைக் கதை ஒன்றை நாமே எழுதலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சிறுத்தைப் பூனை இருக்கிறது, காட்டுப்பூனை இருக்கிறது, உலகின் மிகச் சிறிய காட்டுப்பூனைகளுள் ஒன்றான, உடலில் துருநிறப் புள்ளி கொண்ட, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும் பூனையும் இருக்கிறது. குரங்கணிப் பாதையும் பனிமூடிய ஏலச்செடியும் நிழல்மரமும் கதைக்குக் காத்துக் கிடக்கின்றன.

வகுப்பில் இதைச் சொல்லி எழுதப் பணித்தோம். பெரும்பாலோர் கண்ணிலிருந்து தீ கக்கும் பூனையையே எழுதினர். அதில் குறையில்லை, தீ நன்றாகவே எரிந்தது. காய் பொறுக்கும் தாயின் மகள் ஒருத்தி எழுதிய கதை மட்டும் வேறு. அவள் பூனை கிடங்கில் பிறந்தது. தராசுக்கு அடியில் படுத்தே வளர்ந்தது. எடை பொய்யானால் அதன் மீசை துடிக்கும். உடனே தட்டின் மேல் தாவி உட்கார்ந்துவிடும், இறக்கினாலும் இறங்காது. இந்த வித்தையை அது ஒரு வாரத்தில் ஊரிலுள்ள எல்லாக் கிடங்குப் பூனைகளுக்கும் கற்றுக் கொடுத்துவிடுகிறது. கதை இன்னும் முடியவில்லை. கிடங்கு முதலாளி பூனைக்கு இரண்டு வேளை பால் ஊற்றத் தொடங்கியிருக்கிறார். பூனை கிண்ணத்தின் அருகே நின்று யோசித்துக்கொண்டிருக்கிறது.